ஆழமில்லாத தண்ணீரில் புரொப்பெல்லர் அடிபடாமல் இருக்க

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள், ஆழம் குறையும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நியூட்ரலில் போட்டு மோட்டாரை ஒரு படி மேலே தூக்கி வையுங்கள், பின்னால் இருக்கும் ஆளையும் சாமானையும் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். பாரம் முன்னே போனால் படகின் பின்பக்கம் உயரும், அதோடு சேர்ந்து புரொப்பெல்லரும் உயரும். பல மோட்டார்களில் இப்படித் தூக்கி வைத்து ஓட்டுவதற்கென்றே தனி நிலை உண்டு.

அதன்பின் மெதுவாகத்தான் போக வேண்டும். திடீரென்று ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்பக்கம் அமுங்கி, தூக்கி வைத்ததே வீணாகிவிடும். மோட்டாரிலிருந்து பீச்சும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அது நின்றால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம், உடனே மோட்டாரை இறக்குங்கள் அல்லது அணைத்துவிடுங்கள்.

அலை அடிக்கும் இடத்தில் இது வேண்டவே வேண்டாம், முன்பக்கம் கனமாக இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். ரிவர்ஸ் போடுவதற்கும் ஒத்துவராது, தூக்கிய நிலையில், மோட்டாரைக் கீழே பிடித்து வைக்கும் பூட்டு பிடிக்காமல் மோட்டார் மேலே எழும்பிவிடும். பாறை தெரிகிற இடமா? மோட்டாரை அணைத்து முழுதாகத் தூக்கிவிட்டுத் துடுப்பை எடுங்கள்.