போர்க்கால விமானத்தளத்தைப் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமானத்தளங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை இன்று வயல்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போகாவிட்டால் உடைந்த கான்கிரீட்தான் கண்ணில் படும்.

படி 1: செயற்கைக்கோள் படம்

இதற்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். ஆங்கில ‘ஏ’ எழுத்துபோல் ஒன்றையொன்று வெட்டும் மூன்று ஓடுபாதைகளைத் தேடுங்கள். போரின் நடுவில் கட்டிய தளங்களில் பெரியது சுமார் 1,830 மீட்டர், மற்ற இரண்டும் சுமார் 1,280 மீட்டர். விமானம் எதிர்க்காற்றில்தான் மேலேறும். காற்று திசை மாறினால் வேறு ஓடுபாதை வேண்டும், அதனால்தான் மூன்று. இவற்றைச் சுற்றி வளைந்து போவது சுற்றுப்பாதை. அதன் ஓரங்களில் தெரியும் வட்டங்களில்தான் விமானங்களை நிறுத்தினார்கள். ஒரே தாக்குதலில் எல்லாம் அழிந்துவிடக் கூடாதென்று தள்ளித் தள்ளி அமைத்தார்கள். போருக்குப்பின் பல இடங்களில் கான்கிரீட்டைப் பெயர்த்துச் சாலை போடக் கொண்டுபோனதால், கோடுகள் பாதியில் நின்றுவிடும். அங்கெல்லாம் பயிரின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்; பழைய ஓடுபாதையின் தடம் அப்படித் தெரியலாம்.

படி 2: அனுமதி

நிலம் பெரும்பாலும் விவசாயிகளுடையது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம் காட்டும் பொது நடைபாதையில் தாராளமாக நடக்கலாம். அதைத் தாண்ட வேண்டுமென்றால் உரிமையாளரைக் கேளுங்கள். பாழடைந்த கட்டடங்களுக்குள் போகவே வேண்டாம்; ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கூரையும் விழலாம்.

படி 3: எங்கே தொடங்குவது?

என் பரிந்துரை லிங்கன்ஷயரின் பழைய தளங்களில் ஒன்றான ஈஸ்ட் கிர்க்பி. அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். சொந்த எஞ்சின்களில் தரையில் ஓடும் ‘ஜஸ்ட் ஜேன்’ என்ற லங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானமும் உண்டு. அது ஓடும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: நடை

கோபுரத்தில் தொடங்கிச் சுற்றுப்பாதை வழியாக ஓடுபாதையின் முனைக்குப் போங்கள். கோபுரத்திலிருந்து பார்த்தால் சிறியதாகத் தெரியும் தூரம் நடக்கும்போதுதான் உறைக்கும். 7 பேர், எரிபொருள், குண்டுகள் என 30 டன் அளவு எடையோடு லங்காஸ்டர் மேலெழ அவ்வளவு நீளம் தேவைப்பட்டது.

படி 5: எதையும் எடுக்காதீர்கள்

விழுந்த ராணுவ விமானங்களின் மிச்சங்களை 1986ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது; உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். குண்டுபோல் ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, அவசர உதவி எண் 999க்கு அழையுங்கள்.

அப்புறம், முந்தின இரவே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட், விமானக் குழுவினரில் 55,573 பேரை இழந்தது. லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இணையத் தரவுத்தளத்தில் இறந்தவர்களின் விவரங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் தளத்திலிருந்து கிளம்பிய ஒரே ஒரு விமானக் குழுவையாவது தேடி, 7 பேரின் பெயரையும் வயதையும் படித்துவிட்டுப் போங்கள்.