பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: சாப்பாட்டுக் கணக்கு, முதல் பாடம்

போன மாசம் காட்பாடியில ஒரு கடையில ராகி பிஸ்கட் வாங்கிட்டு வந்தேன். அட்டை நிறைய கேவுருக் கதிர் படம். ஆயா ஒண்ணு கடிச்சுப் பார்த்துட்டு, "இதுல கேவுரு எங்கடா கீது?"ன்னு கேட்டுச்சு. அப்பதான் பின்பக்கம் படிச்சேன். சத்து பத்தித் தெரிஞ்சுக்க நினைக்கறவங்களும் அங்கேருந்தே தொடங்கலாம்.

முதல்ல, சேர்மானப் பட்டியல். எது எடையில அதிகமோ அதுதான் முதல்ல வரும். என் பாக்கெட்டுல மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம் நாலாவதா ராகி மாவு, 9 சதவீதம். முதல் மூணு பேரைப் படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்து சத்து அட்டவணை. 100 கிராம் கணக்கை மட்டும் பாருங்க. 'ஒரு வேளைக்கு'ன்னு ரெண்டு பிஸ்கட்டுக்குப் போட்டிருப்பாங்க, யாரு ரெண்டோட நிறுத்தறது? 100 கிராமுக்குச் சர்க்கரை 25 கிராம்னா, 60 கிராம் பாக்கெட்டைக் காலி பண்ணினா 15 கிராம். கிட்டத்தட்ட மூணு, நாலு டீஸ்பூன். சோடியத்தை 2.5ஆல பெருக்கினா உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், குழம்பு எல்லாம் சேர்த்துத்தான்.

கலோரிக்கு ரெண்டே எண் போதும். மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு 9. ஒரு கைப்பிடி மல்லாட்டை (வேர்க்கடலை), 30 கிராம்னு வைங்க, சுமார் 7 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு. கொழுப்பே நூறு கலோரியைத் தாண்டிடுது. நல்ல பண்டம்தான், கை மட்டும் நிக்கணும்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுல மூட்டையிலேருந்து அளந்து போடற கேவுருக்கு லேபிள் ஏது? அதுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணை இருக்கு. 100 கிராம் கேவுருல கால்சியம் சுமார் 364 மில்லிகிராம், பச்சரிசியில 10 கூடத் தேறாது, பசும்பால்ல சுமார் 118. உடனே "பாலைவிட மூணு மடங்கு"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பிடாதீங்க. ஒரு ஆள் களிக்கு 60 கிராம் மாவுன்னா 220 மில்லிகிராம் வரும். 200 மில்லி பால்லயும் 235 கிட்ட இருக்கு. சாப்பிடற அளவை வெச்சுத்தான் ஒப்பிடணும். அதோட கேவுருல இருக்கற ஃபைடேட்ங்கற பொருள் கால்சியத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். முளை கட்டினா, இல்ல ஆடிக் கூழுக்குக் கரைக்கற மாதிரி ராத்திரியே கரைச்சுப் புளிக்க விட்டா, அந்த ஃபைடேட் குறையும்.

களிக்குக் கீரைக் கடைசல் வெச்சா மேல ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்க, கீரையோட இரும்புச்சத்து நல்லா உடம்புல சேரும். சாப்பிட்ட கையோட டீ வேணாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

இன்னிக்கு வீட்டுல இருக்கற மூணு பாக்கெட்டை எடுத்து, முதல் மூணு சேர்மானத்தை மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க. கண்ணாடி போடறவங்க போட்டுக்குங்க. எழுத்து அவ்ளோ பொடிசு.