பிரசவத்துக்குப் பின் இடுப்பு மூட்டு வலி: பிசியோதெரபியைப் படிப்படியாகத் தொடங்குவது எப்படி?

படுக்கையில் புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போதும், படியேறும்போதும் இடுப்பின் பின்பக்கத்திலோ அடிவயிற்றுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலோ சுரீரென்று குத்தினால், அது இடுப்பெலும்பு வளையத்தின் மூட்டுகளிலிருந்து வரும் வலியாக இருக்கலாம். இந்த வளையத்துக்குப் பின்புறம் இரண்டு மூட்டுகளும், முன்புறம் குருத்தெலும்பாலான ஓர் இணைப்பும் உள்ளன. முன் இணைப்பின் இடைவெளி வழக்கமாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும், கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்வதால் அது மேலும் 2 அல்லது 3 மி.மீ. விரிவது இயல்பே. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்கு வலி தானாகத் தணிகிறது. தணியாதவர்களுக்குத் தேவைப்படுவது, வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் தசைகளை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருவதுதான். "எலும்பு விலகிவிட்டது, தட்டிச் சரிசெய்கிறேன்" என்று சொல்பவர்களிடம் இந்த நேரத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

படி 1: முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமை, காலை ஊன்றவே முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிசேரியன் ஆனவர்கள், கீழே வரும் மூச்சுப் பயிற்சிக்கு அப்பால் செல்வதற்கு முன் மருத்துவரின் அனுமதியைப் பெறுங்கள்.

படி 2: ஓர் எளிய சோதனை

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைச் சுமார் 20 செ.மீ. உயர்த்துங்கள், பிறகு மறு காலை உயர்த்துங்கள். எந்தக் கால் கனக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து, வேறொருவர் உங்கள் இடுப்பின் இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் உள்நோக்கி அழுத்திப் பிடித்திருக்க, அதே காலை மீண்டும் உயர்த்துங்கள். இப்போது கால் லேசாக எழுந்தால், பிடிப்பு கிடைத்தால் உங்கள் இடுப்பு பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது என்று பொருள். இடுப்புப் பட்டையும் தசைப் பயிற்சியும் உங்களுக்குப் பலன் தர நல்ல வாய்ப்புண்டு.

படி 3: அன்றாட அசைவுகள்

புரளும்போது இரு முழங்கால்களையும் மடக்கி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்புமாறு புரளுங்கள். உடையை உட்கார்ந்தே மாட்டுங்கள். படியேறும்போது வலியில்லாத காலையும், இறங்கும்போது வலியுள்ள காலையும் முதலில் வையுங்கள். குழந்தையை ஒரு பக்க இடுப்பில் சுமப்பதைச் சில காலம் தள்ளிப்போடுங்கள்.

படி 4: இடுப்புப் பட்டை

பலரும் பட்டையை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். வயிற்றின் இரு பக்கமும் முன்னால் துருத்தியிருக்கும் இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே அது அமைய வேண்டும். முன்னெலும்பு வலிக்கு இன்னும் சற்றுக் கீழே. நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் அணிந்து, படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

படி 5: பயிற்சிகள்

முழங்கால்களை மடக்கிப் படுத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது வயிற்றைத் தளர விடுங்கள். மெதுவாக வெளிவிடும்போது, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல் இடுப்புத்தளத் தசைகளை மேல்நோக்கி இழுத்து, தொப்புளுக்குக் கீழுள்ள அடிவயிற்றை லேசாக உள்வாங்குங்கள். 5 விநாடி பிடித்து, முழுமையாகத் தளர்த்துங்கள். 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். பிட்டம் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ, கீழ்நோக்கி முக்குவது போல் தோன்றினாலோ பாதி பலத்தில் மீண்டும் செய்யுங்கள். இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இது பழகிய பிறகு, அதே பிடிப்போடு முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து மெல்ல அழுத்துவது, பிட்டத்தைத் தரையிலிருந்து சிறிது உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலை மட்டும் திறப்பது என ஒவ்வொன்றாகச் சேருங்கள். செய்யும்போது வரும் லேசான வலியைவிட மறுநாள் காலை இருக்கும் நிலையே சரியான அளவுகோல். வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கால்களை அகல விரிக்கும் நீட்சிகளும் குதிப்பதும் இப்போது வேண்டாம்.

படி 6: பிசியோதெரபிஸ்டிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

அவர் உங்கள் நடையையும், வயிற்றுத் தசைப் பிளவையும், உங்கள் சம்மதத்தோடு இடுப்புத்தளத் தசைகளையும் பரிசோதிப்பார். சிலருக்கு அத்தசைகள் தளர்வதற்கு மாறாக இறுகியே கிடக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டலாம் என்பதால் இந்தப் பரிசோதனை முக்கியம். கையால் செய்யும் சிகிச்சையும் மின்தூண்டலும் வலியைத் தற்காலிகமாகத் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடும். அவை மட்டுமே சிகிச்சை ஆகிவிடக் கூடாது. 2004இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், பிரசவத்துக்குப் பின் இந்த வலியிருந்த 81 பெண்களில், 20 வாரங்கள் தனித்தனியே வகுத்த தசைப் பயிற்சியைச் செய்தவர்கள், அது இல்லாத பிசியோதெரபி பெற்றவர்களைவிட வலியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் தெளிவாக முன்னேறினர். ஆகவே சில நாட்களில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சில வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் இரண்டாம் படியின் சோதனையில் கால் அதே கனத்தோடு இருந்தால், பயிற்சியை மாற்றியமைக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள்.