பன்னிரு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரை விரலுக்கு இணங்கவைத்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

பன்னிரு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கியவர்களில் பலர், ஒலி கலங்கலாக இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தப் பாகம்) மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கலக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிக்கப் அன்று. ஒரே ஜோடியிலுள்ள இரு தந்திகளும் ஒன்றோடொன்று சுருதி சேராமல் நிற்பதுதான். எனவே இங்கே கழுத்தில் தொடங்கி, நட் (கழுத்தின் முனையில் தந்திகள் அமரும் பள்ளங்கள் கொண்ட பட்டை), பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) என்று வந்து, மின்பாகங்களைக் கடைசியாகவே தொடப் போகிறோம்.

தந்திகளின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய இரு ஜோடிகளான இ, பி ஆகியவற்றில் இரு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்கும். மற்ற நான்கு ஜோடிகளில் ஒன்று இயல்பான சுருதியிலும், இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலேயும் இருக்கும். பரவலாகக் கிடைக்கும் 10–46 தந்திக்கட்டில் தடித்த இ தந்தி 0.046 அங்குலம், அதன் மேல்ஸ்தாயித் துணை 0.026, ஜி தந்தி 0.017, அதன் துணை வெறும் 0.008. இந்த மெல்லிய ஜி தந்தி, மெல்லிய இ ஜோடியைவிடவும் உயர்ந்த சுருதியில் நிற்பதால், அடிக்கடி அறுவதும் அதுவே. உதிரியாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான கருவிகள்: கிளிப் டியூனர், கேபோ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி), எஃகு அளவுகோல், 2பி பென்சில், கிட்டாருடன் வந்த சாவிகள், ஒரு ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு). பைக் மெக்கானிக் டேப்பட் சரிபார்க்கப் பயன்படுத்தும் அதே ஃபீலர் கேஜ் போதும். இசைக்கருவிக் கடையில் தேட வேண்டியதில்லை.

முதற்படி: கழுத்து

ஆறு தந்தி கிட்டாரோடு ஒப்பிட்டால் இதன் கழுத்தின் மேல் விழும் இழுவிசை ஏறத்தாழ இரு மடங்கு. வாசிக்கும் சுருதியில் எல்லாத் தந்திகளையும் கூட்டிய பிறகே அளக்க வேண்டும். தளர்ந்த தந்திகளோடு எடுத்த அளவால் பயனில்லை. முதல் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேபோ மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டில் தடித்த இ தந்தியை அழுத்துங்கள். ஏழாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் போதுமானது. அதைவிட அதிகமாக இருந்தால், தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதனுள்ளே இருக்கும் உலோகத் தண்டு) வலஞ்சுழியாகக் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருகி, மீண்டும் சுருதி கூட்டி அளக்க வேண்டும். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் கிட்டார்கள் போன்றவற்றில் இரண்டு டிரஸ் ராடுகள் இருக்கும். அவற்றைப் பழக்கமில்லாமல் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் படி: நட்

வாசிப்பதில் உள்ள சிரமம் பாதிக்கு மேல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரிக்கன்பேக்கர் 360/12-இன் நட் ஏறத்தாழ 41 மி.மீ. அகலமே, வழக்கமான ஆறு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரைவிடக் குறுகிய அந்த இடத்தில் பன்னிரண்டு தந்திகள் அடங்க வேண்டும். ஒரு ஜோடிக்குள் இரு தந்திகளும் ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி நின்றால் ஒரே விரல்நுனி இரண்டையும் அழுத்தும். இன்னும் விலகினால் ஒன்று நழுவும், நெருங்கினால் அதிரும்போது ஒன்றையொன்று உரசும்.

ஆழத்தைச் சோதிக்க, ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃபிரெட்டுக்கு மேலே அதை மெல்லத் தட்டிப் பாருங்கள். முடியிழை அளவு இடைவெளியில் ‘டிக்’ என்ற சிறு ஓசை கேட்டால் சரி. இடைவெளி அதைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பள்ளத்தைச் சிறு அரத்தால் மெல்ல அராவ வேண்டும். ஓசையே இல்லாவிட்டால் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். நான் முதன்முதலில் அராவியபோது மெல்லிய ஜி-யின் பள்ளத்தை அப்படித்தான் கெடுத்தேன். இரண்டே இழுப்பு கூடுதலாகப் போயிற்று. அதன்பின் அந்தத் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே முதல் ஃபிரெட்டில் பட்டு இரைந்தது. பள்ளத்தில் சிட்டிகை சமையல் சோடாவை நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, இறுகியதும் மீண்டும் அராவித்தான் அதைச் சரிசெய்தேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பள்ளத்திலும் பென்சில் முனையைத் தேய்த்து கிராஃபைட் பூசினால், சுருதி கூட்டும்போது தந்தி சிக்கித் திடீரென்று தாவுவது நின்றுவிடும்.

மூன்றாம் படி: உயரமும் இன்டொனேஷனும்

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் தடித்த பக்கம் 1.8 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அடுத்ததற்குப் போகுமுன் பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்கிவிடுங்கள். காந்தம் அருகிலிருந்தால் தந்தியை இழுத்து, டியூனரின் முள்ளை அலைக்கழிக்கும்.

பிறகு இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக நிற்கிறதா என்ற சோதனை: பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கிடைக்கும் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி), அதே இடத்தில் அழுத்தி மீட்டிய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அப்போது ஜோடியின் மற்ற தந்தியை விரலால் அமர்த்தியிருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு தாங்கி) பின்னுக்கும், இறங்கியிருந்தால் நட்டை நோக்கியும் நகர்த்துங்கள். சிக்கல் என்னவென்றால், தடித்த தந்திக்குச் சேடில் நிற்க வேண்டிய இடமும் அதன் மெல்லிய துணைக்கு நிற்க வேண்டிய இடமும் வேறு வேறு. ஆறு சேடில் பிரிட்ஜில் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான். 1965-இல் வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் XII ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில் கொடுத்தது இதனால்தான். பணம் செலவிடும் எண்ணம் இருந்தால், பிக்கப்புக்கு முன்பு பன்னிரண்டு சேடில் பிரிட்ஜை வாங்குங்கள்.

ஜோடித் தந்தியை வளைத்து கமகம் எழுப்புவது கடினம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரு தந்திகளும் ஒரே அளவு ஏறுவதில்லை. மாண்டலினில் கர்நாடக இசை வாசித்த யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறியது நினைவிருக்கலாம்.

நான்காம் படி: ஒலி

பெரும்பாலான கிட்டார்களில் கீழ்நோக்கி மீட்டும்போது மேல்ஸ்தாயித் தந்தி முதலில் அடிபடும். ரிக்கன்பேக்கரில் தடித்த தந்தி முதலில் அடிபடும். அந்த ஒலி வேண்டுமென்றால், புது நட் வெட்டும்போதே ஜோடிக்குள் இரு தந்திகளின் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரோஜர் மெக்வின்னிடம் கேட்கும் நீண்டு ஒலிக்கும் மணியோசைக்குக் கிட்டார் மட்டும் காரணமன்று. கம்ப்ரஸருக்கும் (ஒலியின் உரத்த, மெல்லிய பகுதிகளைச் சமப்படுத்தும் கருவி) அதில் பெரும்பங்கு உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கு முன் ஒரு கம்ப்ரஸர் பெடலை வைத்து, ஆம்ப்ளிஃபயரின் கெயினை (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்து வாசித்துப் பாருங்கள். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) இந்தக் கிட்டாரில் சேறாகத்தான் கேட்கும்.

இன்னும் கூர்மை வேண்டுமானால், பழைய ரிக்கன்பேக்கர்களில் இருந்ததுபோல் பிரிட்ஜ் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக இணைக்கலாம். அது தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டிவிடும். இழுத்தால் இயங்கும் புஷ்-புல் குமிழ் வழியாகக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தால், பிடிக்காதபோது குமிழை அழுத்திப் பழைய ஒலிக்கே திரும்பிவிடலாம்.