சவ்வா, ஆவியாக்கியா? சாயக்கழிவுநீரை முன்வைத்து ஒப்பிடும் முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின், நொய்யல் ஆற்றில் கழிவுநீரை விடாமல் முழுவதையும் பிரித்து மீட்பது அங்கே தொழிலின் நிபந்தனையாயிற்று. அவ்வேலைக்கு, நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு நல்லதா, நீரைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் பழைய ஆவியாக்கி நல்லதா என்று கேட்பதைவிட, எந்த உப்பு அடர்த்தியில் முன்னது நின்று பின்னது தொடங்க வேண்டும் என்று கணக்கிடுவதே பயன் தரும்.

முதலில் ஆற்றலைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் நீரை ஒரே கட்டத்தில் ஆவியாக்க ஏறத்தாழ 627 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். ஒரு கட்டத்தின் ஆவியைக் கொண்டே அடுத்ததைக் கொதிக்கவைக்கும் நான்கு கட்ட ஆவியாக்கியிலும் 150 யூனிட்டுக்குக் கீழே இறங்குவது கடினம். சவ்வில் நீர் ஆவியாவதே இல்லை என்பதால், கடல்நீருக்குக்கூட 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் விறகுக் கொதிகலனின் நீராவியையும் மின்சாரத்தையும் ஒரே விலையில் வைத்து ஒப்பிடாதீர்கள். பல திட்ட அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து அடர்த்தி. லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 100 கிலோலிட்டர் கழிவுநீரில் 85 கிலோலிட்டரை ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வு வழியே தள்ளும் முறை) மீட்டுவிட்டால், மிச்சமிருக்கும் 15 கிலோலிட்டரில் உப்பு லிட்டருக்கு 40 கிராமாகிவிடும். சாதாரண உப்பானால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது நீர் சவ்வைக் கடப்பதை உப்பு எதிர்க்கும் அழுத்தம், சுமார் 30 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). பம்ப் அதைத் தாண்டி அழுத்த வேண்டும். 80 கிராமை நெருங்கும்போது அந்த அழுத்தமே 60 பாருக்கு மேல் போய்விடுவதால், வழக்கமான சவ்வுகள் அதற்கு அப்பால் கட்டுப்படியாகா. அங்கிருந்து ஆவியாக்கியின் ஆட்சி.

முன்சுத்திகரிப்புச் செலவையும் சவ்வின் கணக்கிலேயே எழுத வேண்டும். 0.45 மைக்ரான் வடிதாளில் 15 நிமிடம் நீரைச் செலுத்திப் படிவுக் குறியீட்டை (நீரிலுள்ள நுண்துகள்கள் சவ்வை அடைக்கும் வேகத்தின் அளவு) அளந்து, 5-க்கு மேல் வந்தால் அந்த நீரை ஆர்.ஓ.வுக்குள் விடாதீர்கள். வெளுப்புக்கு இட்ட குளோரின் எஞ்சியிருந்தால் பாலிஅமைடு சவ்வு அரிக்கப்படும். சாயத்தொட்டியின் சூட்டையும் 45 டிகிரிக்குக் கீழே இறக்கியாக வேண்டும். ஆவியாக்கிக்கு இந்த நோய்கள் குறைவு, குழாய்களில் படியும் சுண்ணாம்புதான் அதன் தலைவலி.

ஆவியாக்கியின் அளவை முடிவு செய்யுமுன், சாயத்தைத் தடுத்து உப்பை விட்டுவிடும் நானோ வடிப்புச் சவ்வால் நிறத்தை நீக்கிய உப்புக்கரைசலைச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்ப முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். அப்படிப் போகும் ஒவ்வொரு கிலோலிட்டரும் கொதிக்கவைக்க வேண்டியதில்லாத நீர்.