கார்ல ட்யூனிங் பண்ண இப்போ ஒண்ணுமில்ல, அப்போ சர்வீஸ் எதுக்கு?

போன வாரம் எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல கீழ் வீட்டுப் பையன் பிடிச்சுக்கிட்டான். "அண்ணா, வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சூப்பரா ஓடுது, இப்போ வர்ற வண்டிக்கெல்லாம் சர்வீஸே வேண்டாமாமே?"ன்னான். அவன் சொன்னதுல பாதி சரி. மீதி பாதிதான் பின்னாடி மொத்தமா பர்ஸைக் காலி பண்ணும், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

எங்க சித்தப்பா பெங்களூர் அல்சூர்ல அந்தக் காலத்து பிரீமியர் பத்மினி கார் வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமைன்னா பானெட் திறந்திருக்கும். பிளக்குகளுக்கு கரண்ட் பிரிச்சுக் கொடுக்கற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியக் கழட்டி, உள்ள கரண்ட்ட விட்டு விட்டு வெட்டுற சிபி பாயிண்ட உப்புத்தாள்ல தேய்ப்பாரு, பெட்ரோலப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக்க எடுத்து கரிய சுரண்டி கேப் பார்ப்பாரு, பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரோட ஸ்க்ரூவ கால் சுத்து இப்படி கால் சுத்து அப்படின்னு திருப்பி ஐட்லிங் சத்தத்தக் காதால கேட்டே செட் பண்ணுவாரு. இதுக்குப் பேருதான் ட்யூனிங். அந்த வண்டிக்கு அது வேணும், ஏன்னா பாயிண்ட் தேயத் தேய ஸ்பார்க் விழுற டைமிங் மாறும், கார்புரேட்டர்ல தூசி அடைக்கும், மூணு மாசம் விட்டா இன்ஜின் விட்டு விட்டு ஓடுற மிஸ்ஸிங் ஆரம்பிச்சிடும்.

இப்போ உங்க வண்டியில பாயிண்டும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு பீய்ச்சணும், ஸ்பார்க் எப்போ விடணும்னு ஈசியூங்கற கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது, புகை வர்ற வழியில ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்துக்கிட்டு கலவை சரியா இருக்கான்னு அதுக்கு சொல்லிக்கிட்டே இருக்கு. அப்போ யாராவது "இன்ஜின் ட்யூனிங் பண்ணிடலாம் சார்"னு சொன்னா எதைத் திருப்பப் போறீங்கன்னு கேளுங்க, திருப்புறதுக்கு அங்க ஸ்க்ரூவே இல்ல. பழைய ட்யூனிங்ல மிஞ்சினது ஸ்பார்க் பிளக் மட்டும்தான். சாதாரண பிளக்னா பொதுவா 40,000 கிமீ பக்கம், இரிடியம்னா 1 லட்சம் வரைக்கும்கூட தாங்கும், உங்க வண்டிக்கு எதுன்னு மேனுவல்ல இருக்கும். சில இன்ஜின்ல வால்வு இடைவெளிய சரி பண்ற டேப்பெட் செட்டிங்கும் இருக்கு, ஆனா அது ரொம்ப அபூர்வமா வர்ற வேலை.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. பத்மினிக்கு உடம்பு சரியில்லன்னா இருமும், திணறும், சிக்னல்ல நின்னு போயி மானத்த வாங்கும். புது வண்டி அப்படி இல்ல, வீட்ல யாருக்கும் சொல்லாம காய்ச்சலோட வேலைக்குப் போற அம்மா மாதிரி. பிளக் கொஞ்சம் வீக்கா, பெட்ரோல் பீய்ச்சுற இன்ஜெக்டர்ல கொஞ்சம் அடைப்பா, ஈசியூ இங்க கூட்டி அங்க குறைச்சு சமாளிச்சுக்கிட்டே ஓடும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால "நல்லாத்தானே ஓடுது"ங்கறத வெச்சு முடிவு பண்ண முடியாது. கேலண்டரப் பாத்துதான் பண்ணணும்.

முதல்ல இன்ஜின் ஆயில். நிறைய பெட்ரோல் வண்டிக்கு 10,000 கிமீ அல்லது 1 வருஷம், எது முன்னாடி வருதோ அது. இந்த ரெண்டாவது பாதிய யாரும் படிக்கிறதில்ல. பெங்களூர்ல கிலோமீட்டர் கணக்கே ஏமாத்து வேலை. சில்க் போர்டுலயும் அவுட்டர் ரிங் ரோட்லயும் போய்வர்ற என் வண்டி மீட்டர்ல ஆவரேஜ் ஸ்பீடு 20னு காட்டுது, அப்படின்னா 10,000 கிமீக்கு இன்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கு. அதையே ஹைவேல 60 ஆவரேஜ்ல ஓட்டியிருந்தா 167 மணி நேரம்தான். ஆயிலுக்குத் தெரியுறது மணி நேரமும் சூடும்தான். ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற ஸ்கூலுக்கு மட்டும் போற வண்டி இன்னும் மோசம், இன்ஜின் சரியா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறோம், உள்ள சேர்ற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாம ஆயிலோட கலந்துடுது. மேனுவல்ல சிவியர் யூசேஜ், அதாவது கடுமையான உபயோகம்னு ஒரு பக்கம் இருக்கும், எடுத்துப் பாருங்க, அது நம்ம ஊரப் பத்திதான் எழுதியிருக்கு.

அடுத்தது பிரேக் ஆயில், இதை நான் அனுபவிச்சு கத்துக்கிட்டேன். நாலு வருஷமா மாத்தவே இல்ல. சேலம் போறப்ப தொப்பூர் இறக்கத்துல லாரிக்குப் பின்னாடி பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் போயிட்டிருந்தேன், பாதி வழியில பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு, வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. செகண்ட் கியர்ல போட்டு மெதுவா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விட்டேன். விஷயம் என்னன்னா பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். டாட் 4ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் சேர்ந்துட்டா 155க்கே கொதிக்கலாம், அப்போ லைன்ல ஆவி குமிழ் உண்டாகி பெடல் அமுங்கிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க, கிலோமீட்டர் பாக்காதீங்க. இறக்கத்துல கியரக் குறைச்சு இறங்குங்க, அதுக்குக் காசே கிடையாது.

கூலண்ட் குறைஞ்சா குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம போர்வெல் தண்ணி கெய்சர் காயிலுக்கு என்ன பண்ணுதுன்னு பாத்திருப்பீங்க, ரேடியேட்டருக்கும் அதேதான். மேனுவல்ல சொன்ன கூலண்ட மட்டும் ஊத்துங்க, இன்ஜின் சூடா இருக்கும்போது மூடியத் திறக்காதீங்க.

டயர் காத்து 15 நாளைக்கு ஒரு தடவ, வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது. பேட்டரி மூணு வருஷம் தாண்டினா டெஸ்ட் பண்ணிக்கோங்க. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிறது டைமிங் பெல்ட்டா செயினான்னு ஒரு தடவ கேட்டு வெச்சுக்கோங்க, பெல்ட்னா அது அறுந்தா நிறைய இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல மோதி வளைஞ்சிடும், இதுல மட்டும் கெடுவத் தள்ளிப் போடாதீங்க. பிஎஸ் 6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி வெச்சிருந்தா, புகைக்கரியப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் ஒண்ணு இருக்கு, சிட்டிக்குள்ளயே உருட்டினா புகைக்கரி அடைச்சுக்கும், அப்பப்போ ஹைவேல அரை மணி நேரம் நிக்காம ஓட்டினா அதுவே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். வாரத்துல அஞ்சு நாளும் டிராஃபிக்லதான்னா டீசலே வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டு போடும்போது மேனுவல்ல இருக்கற ஷெட்யூல் பக்கத்த போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டுப் போங்க. இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், இன்ஜெக்டர் க்ளீனிங், பெயிண்ட் கோட்டிங்னு வரிசையா வாசிப்பாங்க. "இந்தப் பக்கத்துல எங்க இருக்கு, காட்டுங்க"ன்னு ஒரே கேள்வி கேளுங்க போதும். எனக்கு ஒரு தடவ 20,000 கிமீலயே இன்ஜெக்டர் க்ளீனிங் பில்லுல ஏறியிருந்தது, கேட்டதும் "மிஸ்டேக் சார்"னு எடுத்துட்டாங்க. அதுக்காக ஷெட்யூல்ல இருக்கறதையும் மிச்சம் பிடிக்காதீங்க, சர்வீஸ் விட்டுப்போச்சுன்னா வாரண்டி கேக்கும்போது அதையே காரணமா காட்டுவாங்க.

செக் இன்ஜின் லைட் விடாம எரிஞ்சா ஒண்ணு ரெண்டு நாள்ல காட்டுங்க. மின்னி மின்னி எரிஞ்சா அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, எரியாத பெட்ரோல் போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர நாசம் பண்ணும், ஓரமா நிறுத்திடுங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ கோளாறு கோடு படிக்கிறதுக்கு ஓபிடி சாக்கெட் இருக்கும், அதுல சொருகுற சின்ன ப்ளூடூத் ரீடர் ஆன்லைன்ல கிடைக்குது, பி0301னு வந்தா முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், பி0420ன்னா கன்வர்ட்டர் பக்கம் கோளாறு. கோடு வந்த உடனே அந்த பார்ட்ட மாத்தணும்னு இல்ல, எங்க தேடணும்னு மட்டும்தான் அது சொல்லும்.

சரி, பையன் கதை. பேசிக்கிட்டே அவன் பானெட்டத் திறந்தோம். டிப்ஸ்டிக்ல ஆயில் தார் மாதிரி இருந்துச்சு, அதுகூட எதிர்பார்த்ததுதான். ஏர் ஃபில்டர் டப்பாவக் கழட்டினா உள்ள தெர்மாகோல் துண்டு, கடலைத் தோலு, யாரோட சாக்ஸோ ஒண்ணு, எலி குடித்தனமே நடத்தியிருக்கு. வயர் ஒண்ணுத்துல பல்லு பட்ட தடமும் இருந்துச்சு. சனிக்கிழமைக்கு சர்வீஸ் புக் பண்ணிட்டான். அந்த சாக்ஸ் அவனோடது இல்லையாம்.