பிழை திருத்தப் போய் நாம் செய்யும் பிழைகள்

எங்கள் தெருமுனை வீட்டு கேட்டில் பல மாதமாக ஓர் அட்டை தொங்குகிறது: ‘அரை வாடகைக்கு விடப்படும்’. கடக்கும்போதெல்லாம் உள்ளே போய், முழு வாடகை எவ்வளவு, அதில் பாதி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வரலாமா என்று தோன்றும். கேட்டதில்லை. அறை காலியாக இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது, வீடு தேடி வருகிறவருக்கும் புரியும், ஆனாலும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஓர் உறுத்தல். எழுத்துப்பிழை கண்ணில் படுகிற எல்லாருக்கும் உள்ள வியாதி இது. அதனால் இரண்டு விதத் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்: எழுதும்போது தவிர்க்க வேண்டியவை, அப்புறம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டியவை. இரண்டாவது வகையில் என் கணக்கில் நிறைய இருக்கிறது.

முதலில் சுவர். ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சுவரில்’ என்பதுதான் சரி. ஆறு, கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிகிற சொற்கள்தான் ஆற்றில், கிணற்றில், வயிற்றில் என்று மாறும். சுவர் முடிவது ‘ர்’ எழுத்தில். ஊர் ஊரில் ஆவது போல, தேர் தேரில் ஆவது போல, சுவர் சுவரில். விதி இவ்வளவுதான். ஆனால் இந்தப் பிழை எப்படி வந்தது என்று யோசித்தால் எழுதியவர் மேல் கோபம் வராது. பேசும்போது ஆத்துல, கெணத்துல, வயித்துல, செவுத்துல என்று எல்லாம் ஒரே அச்சில்தான் வருகிறது. ‘ஆத்துல’ என்பதை எழுத்தில் ‘ஆற்றில்’ ஆக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்தான் அதே கணக்கில் ‘செவுத்துல’வையும் ‘சுவற்றில்’ ஆக்குகிறார். விதி அவருக்குத் தெரியும், அதை ஓரிடம் கூடுதலாகப் போட்டுவிட்டார்.

‘கோர்த்து’ கதையும் இதேதான். பூவைக் கோத்தாள், கைகோத்து நடந்தார்கள் என்பதே சரி, ஏனென்றால் வினை ‘கோ’. பேச்சில் பாத்து, சேத்து என்று சொல்வதை எழுத்தில் பார்த்து, சேர்த்து என்று எழுதிப் பழகிய கை, ‘கோத்து’ வரும்போதும் சும்மா இருக்காமல் ஒரு ‘ர்’ செருகிவிடுகிறது. பதற்றம் எதிர்த்திசையில் போனது. பதறு என்பதிலிருந்து பதற்றம். அதைப் பேசுகிறபடியே பதட்டம் என்று எழுதி எழுதி, இப்போது பதற்றம் என்று எழுதினால்தான் சிலருக்குப் பதட்டமாகிறது.

‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ இரண்டுக்கும் ஒரே மருந்து. ‘ற்’ வல்லின மெய், அதன் பின்னால் இன்னொரு மெய் நிற்காது. அதிர்ச்சி, மகிழ்ச்சி என்று எழுதிய பழக்கத்தில் விரல் ‘ச்’ போட்டுவிடுகிறது. அங்கே ர், ழ் இடையினம் என்பதால் ச் நிற்க இடமிருக்கிறது.

அப்புறம் ஒற்று. பாதிப் பேர் பத்தாம் வகுப்போடு கைகழுவிய விஷயம். வேலை கொடு என்றால் உத்தியோகம் கேட்கிறோம், வேலைக் கொடு என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். தந்த பலகை யாரோ கொடுத்தது, தந்தப் பலகை யானைத் தந்தத்தில் செய்தது. இப்படிப் பொருளே மாறுகிற இடத்தில் ஒற்று தவறினால் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது விடுபட்ட ஒற்று இல்லை, அள்ளித் தெளித்த ஒற்று. ‘கலந்துக்கொண்டார்’, ‘என்றுக் கூறினார்’, ‘செய்துக் கொடுத்தார்’ என்று அச்சிலேயே வருகிறது. ஒற்றுப் போட்டால் படித்தவர் எழுதிய மாதிரி இருக்கும் என்ற நினைப்போ என்னவோ. இதற்கு மனப்பாடம் ஒன்றும் வேண்டாம். கடைசி ‘து’, ‘டு’, ‘று’வுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். எடுத்து, கேட்டு, விற்று என்று வல்லின மெய் இருந்தால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும்: எடுத்துச் செல், கேட்டுப் பார், விற்றுக் கொடு. கலந்து, என்று, செய்து, அழுது என்று வேறு எது இருந்தாலும் இரட்டிக்காது: கலந்துகொண்டார், என்று கூறினார். எங்கள் பக்கத்து மாவு மில்லில் ‘அரைத்து தரப்படும்’ என்று இருக்கிறது, ‘அரைத்துத் தரப்படும்’ என்று இருக்க வேண்டும். இதுவரை சொல்லவில்லை. மாவு நன்றாக அரைத்துத் தருகிறார்.

ர, ற குழப்பத்துக்கு எளிய வழி கிடையாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, அதனால் காது உதவாது, கண்தான் ஞாபகம் வைக்க வேண்டும். ண, ன, ந மூன்றுக்கும் பாதி வழி உண்டு. ண்ட, ன்ற, ந்த என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டாளி: வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பழைய வாத்தியார்கள் பெயர் சொன்னது இதனால்தான். சொல்லின் முதலில் வருவது ‘ந’ மட்டுமே. இதெல்லாம் தெரிந்தாலும் மணமக்கள் ‘மனமக்கள்’ ஆவதைத் தடுக்க முடியாது, அதற்குப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

‘பேருந்துகள் நிறுத்தப்பட்டது’, ‘விலைகள் உயர்ந்தது’ என்று செய்தியில் ஓடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தப்பட்டன, உயர்ந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் இவர்கள்.

சரி, இப்போது திருத்துகிற ஆளைப் பார்ப்போம். அவர் செய்கிற முதல் தவறு, பிழையே இல்லாததைத் திருத்துவது. பொங்கலும் தீபாவளியும் வந்தால் போதும், ‘வாழ்த்துக்கள்’ என்று யாராவது எழுதிவிடுவார்கள், உடனே ஒருவர் வந்து ‘வாழ்த்துகள்’ என்பார், ‘க்’ போட்டால் அது குடிக்கிற கள் ஆகிவிடும் என்று அரதப்பழசான ஒரு ஜோக்கையும் சேர்த்துச் சொல்வார். வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது மேலே பார்த்த எடுத்து, கேட்டு மாதிரி கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் உள்ள சொல், அதன் பின் வல்லினம் மிகும் என்று ஒரு கட்சி. கள் வெறும் பன்மை விகுதி, அங்கே மிகாது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ‘க்’ இல்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் புலவர்களே முடிவு கட்டாத வழக்கில், பொங்கல் பானை படத்தோடு வாழ்த்து அனுப்பிய சித்தியை எதற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

இலங்கைத் தமிழர் ‘கிறிக்கெற்’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தார் ‘ற்ற’ என்பதை உச்சரிக்கும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொடும். ஆங்கிலத்தில் ‘கிரிக்கெட்’டின் கடைசி ஒலிக்கும் நாக்கு தொடுவது ஏறக்குறைய அங்கேதான். நாம் ‘ட்’ போட்டு நாக்கை இன்னும் பின்னால் மடிக்கிறோம். ஒலியை வைத்துப் பார்த்தால் அவர்கள் எழுத்து நம்முடையதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

என் அப்பத்தா எழுதிய பழைய கடிதம் ஒன்றை அக்கா மகளிடம் காட்டினேன். “லை எல்லாம் தப்பா எழுதிருக்காங்க மாமா” என்றாள். துதிக்கை வைத்த லை, னை. பெரியார் 1935லேயே அவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கிவிட்டார், ஆனால் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது 1978இல். அப்பத்தா பள்ளிக்கூடம் போன காலத்தில் அதுதான் சரியான எழுத்து.

இங்கே உடனே சிலர் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று நன்னூலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் தங்கள் பிழையை யாராவது காட்டும்போது மட்டும்தான் அந்தச் சூத்திரம் அவர்களுக்கு ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது நம் இலக்கணத்தில் உள்ள வேறொரு ஏற்பாடு. வழு என்றால் பிழை, வழாநிலை என்றால் பிழையில்லாதது. இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள்: விதிப்படி பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம். பசு வீடு திரும்பும்போது ‘என் அம்மை வந்தாள்’ என்கிறார் ஒருவர். பசு அஃறிணை, வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாசத்தில் சொன்னதால் அது திணை வழுவமைதி. பெண் பிள்ளையை ‘வாடா கண்ணா’ என்று கூப்பிடுவது பால் வழுவமைதி. குயில் கூவும் என்பது மரபு, பாரதி ‘கத்துங் குயிலோசை’ என்று பாடினார், அதை மரபு வழுவமைதி என்று பாடப்புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆக இலக்கணம் எழுதியவர்கள் ஒரு பிழையைப் பார்த்ததும் முதலில் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நாம் அதைக் கேட்பதே இல்லை.

கேட்டுப் பார்த்தால் பதில் வரும். எனக்குத் தெரிந்த போர்டு எழுதும் பெயின்டர் ஒருவர், இப்போது ஃபிளெக்ஸ் டிசைனும் செய்கிறார். ஏன் இவ்வளவு பிழை என்று ஒருநாள் அவரிடம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே கேட்டேன். மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டுகளை எடுத்துப் போட்டார். சிகரெட் அட்டை, பில் புத்தகத்தின் பின்பக்கம், ஒரு மாத்திரை உறை. கடைக்காரர்கள் கைப்பட எழுதிக் கொடுத்தவை, வேலை முடிந்த பிறகும் பத்திரமாக வைத்திருக்கிறார். “ஒரு தடவை நானா திருத்தி எழுதிட்டேன் சார். ‘நான் கொடுத்ததை நீ யாரு மாத்த’ன்னு பாதிக் காசுதான் குடுத்தான். அதுலேருந்து சீட்டுல என்ன இருக்கோ அதான்.” போர்டைப் பார்த்து நான் பெயின்டரைத் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன். அவருக்கு ஒற்று எல்லாம் நன்றாகத் தெரியும், என்னையே ஒரு கேள்வி கேட்டு மடக்கினார்.

நான் செய்ததிலேயே மோசமான திருத்தம் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சித்தப்பா இறந்த இரவு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா மகள் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டார். இரங்கு என்றால் வருந்து, இறங்கு என்றால் கீழே வா. வெளியூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நான், துக்கத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அதன் கீழே ‘இரங்கல்’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டி அனுப்பினேன். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வேறு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கியது, ஐஸ் பெட்டிக்கு ஆள் பிடித்தது, பந்தலுக்குச் சொன்னது எல்லாம் அத்தான்தான். அதற்கு நடுவே ராத்திரி இரண்டு மணிக்கு, பிணவறை வாசலில் நின்றுகொண்டு அந்த இரண்டு சொற்களைத் தட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் “சாப்டியா மாப்ள” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கல்யாணமோ சாவோ, கும்பிடுகிற கை பொம்மை மட்டும் போடுவார்.

அதிலிருந்து ஆளைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறேன். அரசு அலுவலகப் பலகை, பாடநூல், டிவி செய்தி, லட்சக்கணக்கில் அச்சடிக்கிற விளம்பரம் என்றால் சத்தமாகவே சொல்வேன். அவர்களிடம் திருத்துவதற்கு ஆளும் பணமும் இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். மருந்துச் சீட்டு, பத்திரம் என்றால் எரிச்சலே வேண்டாம், ஓர் எழுத்துப் பிசகினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘வாளைப்பளம்’ என்று சொல்கிறவரிடம் ழகரப் பாடம் எடுக்க மாட்டேன். எந்த ஊரில், எந்த வீட்டில் பிறந்தார் என்பதைத்தான் அந்த உச்சரிப்பு காட்டுகிறது, அதைக் கிண்டல் செய்தால் கிண்டல் அங்கேதான் போய் விழும். மற்றபடி தெரிந்தவர் என்றால் தனியாக, அதுவும் கேட்டால்.

போன மாதம் அத்தான் ஒரு பத்திரிகை மாதிரி அனுப்பியிருந்தார். புது வீடு கட்டியிருக்கிறார். குரூப்பில் போடவில்லை, எனக்குத் தனியாக, கூடவே வாய்ஸ் மெசேஜ்: “மாப்ள, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துரு.” கடைசி வரியில் ‘தங்கள் வருகையை எதிர்ப்பார்க்கும்’ என்று இருந்தது. ‘ப்’ வேண்டாம் அத்தான், எதிர்பார்க்கும் என்று போதும் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“எடுத்துட்டேன் மாப்ள. அப்ப எதிர்க்கட்சிக்கு மட்டும் எதுக்கு ‘க்’ போடுறான்?”

சட்டென்று பதில் வரவில்லை. எதிர்பார் என்பது முழுக்க ஒரே வினைச்சொல், எதிர்க்கட்சியில் இரண்டும் பெயர்ச்சொல் என்று ஏதோ தொடங்கினேன். நடுவில் எதிர்காலம் ஞாபகம் வந்து தொலைத்தது, அதுவும் பெயர்ச்சொல்தான், அதில் ‘க்’ இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, நீ நல்லாப் படிச்சிட்டுச் சொல்லு. பிரஸ்காரன் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருப்பான்” என்று வைத்துவிட்டார்.